சுத்தக் கறுப்பு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாட்சாயணியின் ஆம்னி வேன் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். வாந்தியும் மூத்திரமும் சொறிமருந்தும் ஈரக் கோணிப்பையும் வெயிலில் வெந்து ஒன்றாய்க் கலந்த நாற்றம் அதிலிருந்து கிளம்பும். நாய்மேல் அன்பு இருந்தால் நாற்றம் தெரியாது என்று ஃபேஸ்புக்கில் எழுதுகிறவர்கள், வாந்தி எடுக்கிற நாலு நாய்களோடு சித்தூரிலிருந்து திருப்பதிவரை ஒருநாளாவது ஜன்னலை மூடிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். தாட்சாயணிக்கு நாற்றம் நன்றாகவே தெரியும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டே கழுவிவிடுவாள்.

மற்ற நாட்களில் அது ஜவுளி வேன். நகரியில் தறி ஓட்டும் சொந்தக்காரர்களிடம் லுங்கியும் துண்டும் பாவாடைத் துணியும் எடுத்துச் சித்தூர், திருப்பதிக் கடைகளில் போடுவதுதான் அவளுக்கும் புருஷன் பழனிக்கும் பிழைப்பு. திங்கட்கிழமை மூட்டை ஏற்றும்போது பழனி தவறாமல் ஒரே பாட்டைப் பாடுவான்.

"இன்னாத்த ஊத்திக் கழுவுன நீ? கடக்காரன் துண்ட மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்கறான். பாவாடல நாய்முடி இருந்தா எவ வாங்கிக் கட்டுவா?"

அவன் சொல்வதில் தப்பில்லை. இருந்தாலும் வண்டிச் சாவியை அவன் ஒருநாளும் ஒளித்துவைத்ததில்லை. அதற்காகவே அவன் பாட்டை அவள் பொறுத்துக்கொண்டாள்.

சித்தூருக்கு வெளியே கிரண்குமார் என்பவன் ஒரு நாய்க் காப்பகம் வைத்திருந்தான். குட்டிகளுக்கு விரிக்கக் கிழிந்த துண்டுகளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் தாட்சாயணி முதன்முதலில் அங்கே போனாள். திரும்பும்போது வேனில் இரண்டு நாய்க்குட்டிகள் இருந்தன. திருப்பதியில் ஒரு வீட்டில் விட வேண்டும், உங்களிடம் வண்டி இருக்கிறதே அக்கா, என்று கிரண்குமார் குழைந்தான். அன்று பிடித்தது. அடிபட்ட நாயை ஏற்றிக்கொண்டு வருவது, தேறிய நாயைத் தத்தெடுக்கிறவர்கள் வீட்டில் கொண்டுபோய் விடுவது இரண்டும் அவள் வேலையாகிவிட்டது. படம் எடுப்பது கிரண்குமார் வேலை. காப்பகத்தின் பெயர் போட்ட பனியனில், நாயைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணை லேசாகக் கலங்கவிட்டு அவன் நிற்கிற படங்களுக்கு ஊரெல்லாம் இதயம் போட்டது. படம் எடுத்து முடித்ததும் குழாயடிக்கு ஓடிப்போய் முழங்கைவரை சோப்புப் போடுவான். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

பூதலப்பட்டு பக்கம் ரோடு போடுகிற இடத்தில் ஒரு நாய் தார்க் குட்டையில் விழுந்து கிடப்பதாகத் தகவல் வந்தபோது தாட்சாயணிதான் போனாள். நாய் என்று சொன்னதால்தான் நாய். கால் நாலும் வயிற்றோடு ஒட்டி, வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டு, ஈ மொய்த்து, ஒரு கறுப்பு மூட்டை. கோணியோடு பெயர்த்து எடுத்து வந்தாள். பாமாயிலை ஊற்றி ஊறவைத்து, விரலால் பிசைந்து பிசைந்து, கரைந்து வந்ததைத் துணியால் வழித்து, மறுபடி எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் அந்த வேலை ஓடியது. காதுக்குள்ளிருந்து தாரோடு புழு வந்தது. வெளியே ஓடிப்போய்க் காறித் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். கிரண்குமார் கையுறை போட்டுக்கொண்டு ஒரு காலை மட்டும் தேய்த்தான். காணொளி முடிந்ததும் கையுறையைக் கழற்றி நாயின் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போனான்.

நாய் பிழைத்தது. மழித்த இடத்திலெல்லாம் புதுமயிர் வந்தது, அதுவும் கறுப்பாகவே வந்தது. தாரு என்று பேர் வைத்தார்கள். அவள் வேன் சத்தம் காப்பகத்து வாசலில் கேட்டால் போதும், தாரு பின்காலில் நின்றுகொண்டு கம்பியைப் பிறாண்டும்.

கறுப்பு நாயை யாரும் கேட்பதில்லை. "ஒயிட் கலர்ல, புசுபுசுன்னு இருக்கா மேடம்?" என்றுதான் போன் வரும். கறுப்புதான் இருக்கிறது என்றால், "வேணாங்க, வூட்ல பெரியவங்க இருக்காங்க" என்று வைத்துவிடுவார்கள். உங்க வூட்டுப் பெரியவங்க இன்னா கலரு என்று கேட்கத் தாட்சாயணிக்கு நாக்கு துடிக்கும். காப்பகத்தின் பின்பக்கக் கூண்டு முழுக்கக் கறுப்பு நாய்களாகவே நிறைந்து கிடந்தது. அவளாவது தாருவை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் துணிக் குடோனும் வீடும் ஒன்றாயிருந்த இடத்தில் பழனி அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. துணியில் வாய் வைத்தால் தொழிலே போச்சு என்றான்.

அப்படி இருக்கும்போதுதான் திருப்பதியிலிருந்து பவன்குமார் என்கிறவர் கறுப்பு நாய்தான் வேண்டும் என்று கேட்டார். மனை போட்டு விற்கிறவர், சொந்த வீடு, பெரிய காம்பவுண்டு. தாட்சாயணி வேனை இரண்டு முறை கழுவி, தாருவைக் குளிப்பாட்டி, புதுத் துண்டு விரித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பவன்குமார் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தாருவின் காது மடலைத் திருப்பிப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார். புரட்டிப் போட்டு வயிற்று மயிரை விலக்கிப் பார்த்தார். செல்போன் விளக்கைப் போட்டுக் கால் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் மனைவி காவ்யா குனிந்து, "வாலுக்கு அடியில பாத்தீங்களா?" என்றாள். உண்ணி பார்க்கிறார்கள் என்று தாட்சாயணி நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எவனும் ஒரு நாயை இப்படி அக்கறையாய்ப் பார்த்ததில்லை. மனுஷன் என்றால் இவர் மனுஷன். நல்லெண்ணெய் தடவிய சப்பாத்தி வேறு தட்டில் தயாராக இருந்தது. திரும்பி வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அப்புறம் சனிக்கிழமை தவறாமல் காப்பகத்தின் வாட்ஸ்அப் குழுவில் காணொளி வந்தது. தாரு பளபளவென்று உட்கார்ந்திருக்கும், பவன்குமார் கையால் சப்பாத்தி ஊட்டுவார். குழுவில் எல்லோரும் இதயமாய்ப் பொழிந்தார்கள். தாட்சாயணி தன் போனில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை, கறுப்பு நாய், நல்லெண்ணெய். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தவன் ஒருவன் இருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காணொளி வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அந்த வாரம் திருப்பதிக் கடைக்குச் சரக்குப் போட்டுவிட்டு நேரே அந்த வீட்டுக்கு வண்டியை விட்டாள். கேட் திறந்திருந்தது. குரைப்புச் சத்தம் இல்லை. தாருவின் தட்டு இருந்த இடத்தில் துளசிச் செடி இருந்தது.

காவ்யா சிரித்த முகத்தோடு வந்தாள். "வாங்க அக்கா, உக்காருங்க. காபி குடிப்பீங்களா?"

"தாரு எங்கம்மா?"

"சொல்றேன், உக்காருங்க." உள்ளே போய்க் காபியே கொண்டுவந்துவிட்டாள். "அவருக்கு சனி ரொம்பப் பேடா இருந்துச்சு அக்கா. வெஞ்சர்ல ஒரு மனைகூட மூவ் ஆகல. கேஸ் வேற. ஜோசியருதான் சொன்னாரு. ஒரு முடிகூட வெள்ள இல்லாத நாயா பாத்து, சப்பாத்திய நம்ம தலைய மூணு சுத்து சுத்தி, சொந்தக் கையால போடணும். அத அது துன்னா நம்ம மேல இருக்கறதெல்லாம் அதும்மேல போயிடும்னாரு. மொதல்ல சுத்தறதுக்கு முன்னாடியே பாஞ்சுடும். மூக்கு மேல ஸ்கேலால ஒண்ணு வெப்பாரு. அப்புறம் கத்துக்கிச்சு. சுத்தி முடிக்கற வரைக்கும் வாயே தொறக்காது, பாவம். இப்ப பாருங்க, மனையெல்லாம் வித்துப் போயிடுச்சு. உங்க நாயாலதான் அக்கா. ரொம்ப தேங்க்ஸ்."

"அது எங்க இருக்குது?"

"அத எப்படி அக்கா வூட்ல வெச்சுக்கறது? எல்லாம் அதும்மேல இல்ல இருக்கு?" சின்னக் குழந்தைக்குச் சொல்வதைப்போலப் பொறுமையாகச் சொன்னாள். "ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும். எப்படியும் காளஹஸ்திக்குப் பூஜைக்குப் போனோம், அப்படியே கூட்டிக்கினு போயிட்டோம். எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா அக்கா? கார் பின்னாலயே ஓடி வந்துச்சு. திரும்பிப் பாக்கக் கூடாதே, அதனால நான் திரும்பல. கண்ணாடிலதான் பாத்தேன்."

தாட்சாயணி கையில் காபி டம்ளர் இருந்தது. தரையில் அவள் முகம் தெரிந்தது, அவ்வளவு பளபளப்பு. சாம்பிராணியும் எலுமிச்சையும் மணக்கிற வீடு. வேனில் எத்தனையோ அசிங்கத்தை வழித்துப் போட்டவளுக்கு அந்த மணத்தில்தான் உட்கார முடியவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் காவ்யா. "என் ஓரகத்திக்கும் ஏழரை ஆரம்பிச்சிருக்கு. கறுப்புல இன்னொண்ணு இருக்கா? பொட்டையா இருந்தாலும் பர்வாலேது."

டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கேட் தாண்டியதும் சாக்கடையோரம் குனிந்து காறிக் காறித் துப்பினாள். எதுவும் வரவில்லை. எதிர்வீட்டுக் காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேனில் ஏறிக் கிரண்குமாருக்குப் போன் போட்டாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரொம்ப நிதானமாகப் பேசினான்.

"அக்கா, ஓப்பனா சொல்றேன். எனக்குத் தெரியும். பிளாக் மூவ் ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். இங்க கூண்டுல கெடந்தா ஒண்ணுக்கு நோய் வந்தா எல்லாம் சாவுது. இந்த மாதிரிப் பார்ட்டிங்க நல்லா துன்னக் குடுக்கறாங்க, வெயிட் போடுது. அப்புறம் வெளில வுட்டா இன்னா? தெருநாயி தெருவுக்குப் போவுது. யாருக்கு லாஸு?"

"தெரிஞ்சா குடுத்த?"

"நீங்க எமோஷனல் ஆவுறீங்க. அந்த ஓரகத்தி நம்பர் இருந்தா எனக்கு அனுப்புங்க."

"டேய்," என்றாள் தாட்சாயணி. அதுவரை அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "உன்ன ஒரு நாயி நக்கிச்சுன்னா, நாய்க்குத்தான்டா ஊசி போடணும்."

வைத்துவிட்டாள். குழுவிலிருந்து வெளியேறினாள். வந்த வழியே திரும்பாமல் காளஹஸ்தி ரோட்டில் வண்டியைத் திருப்பினாள். வழியெல்லாம் அந்தக் கண்ணாடிதான் நினைவுக்கு வந்தது. எத்தனை தூரம் ஓடியிருக்கும்? எந்த இடத்தில் நின்றிருக்கும்? நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருக்குமோ, எவனாவது லாரிக்காரன் ஏற்றிவிட்டானோ? வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

காளஹஸ்தியில் பாலத்தைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கினாள். சொர்ணமுகியில் மணல்தான் இருந்தது. நடுவில் கொஞ்சம் தேங்கிய தண்ணீரில் அழுகின பூமாலைகளும் பிளாஸ்டிக் தட்டுகளும் மிதந்தன. கரையில் ஒரு தகரக் கொட்டகை டீக்கடை. போனிலிருந்த தாருவின் படத்தைக் கடைக்காரி கங்கம்மாளிடம் காட்டினாள்.

கங்கம்மாள் படத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கறுப்பு நாயா? அதோ பாரு, அதுல எது உன்னுது?"

முள்மரத்தடியில் கறுப்பாய் நாலைந்து நாய்கள் படுத்திருந்தன. தெருநாய் மாதிரி இல்லை. எல்லாவற்றின் கழுத்திலும் பட்டை கட்டியிருந்த இடத்தில் மயிர் தேய்ந்து ஒரு வளையம் தெரிந்தது.

"காருல கொணாந்து எறக்கி வுடறானுங்கோ," என்றாள் கங்கம்மாள். "கழுத்துப் பட்டைய மட்டும் பத்தரமா கழட்டிக்கினு போறானுங்கோ. இதுங்களுக்குப் பொறுக்கித் துன்னவும் தெரியல. எச்சி எல கெடந்தாகூடப் பக்கத்துல குந்திக்கினு யாரையோ பாத்துக்கினே இருக்குது. தெருநாயிங்க வந்து துன்னுட்டுப் போயிடுது."

"தாரு!" என்று கத்தினாள் தாட்சாயணி.

ஒன்று எழுந்தது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலால் ஓடி வந்தது. விலா எண்ணிவிடலாம் போல இருந்தது. முன்னைப்போலத் தாவி ஏறவில்லை. அவள் காலடியில் வந்து, முதுகை நேராக்கி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. வால் மட்டும் மணலை அடித்தது.

அவள் குனிந்து அதன் தலையில் வைக்கக் கையை நீட்டினாள். அப்போது போன் அடித்தது. பழனி.

"எங்க கீற? நீ சரக்கப் போட்டுட்டுக் கெளம்பி ரொம்ப நேரமாச்சுன்னு கடக்காரன் சொல்றான்."

சொன்னாள். காளஹஸ்தியில் இருப்பதையும், நாய் கிடைத்ததையும், எதற்காக விட்டார்கள் என்பதையும் சொன்னாள். இன்றைக்கு இதை நம் வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறேன், நீ என்ன பாடினாலும் சரி என்றாள். துணி, முடி, நாற்றம் என்று அவன் ஆரம்பிப்பான், பதிலுக்கு இரண்டு கொடுக்கலாம் என்று காத்திருந்தாள்.

பழனி குரலைத் தாழ்த்தினான். அப்படி அவன் பேசி அவள் கேட்டதில்லை. "வேணாம் தாட்சாயணி. வுட்டுட்டு வந்துடு. ரோஜாவுக்கு இப்பதான் ஒரு எடம் கூடி வருது. வாந்தி எடுத்தா கழுவிடலாம், பேண்டா கழுவிடலாம். இத எப்படிக் கழுவறது?"

ரோஜா அவர்கள் மகள். அடுத்த வாரம் புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

போன் எப்போது நின்றது என்று தெரியவில்லை. தாட்சாயணி தன் கையைப் பார்த்தாள். தாருவின் தலைக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது அந்தக் கை. புழுவை எடுத்த கை, தாரை வழித்த கை. அப்போதெல்லாம் ஒருமுறைகூட நின்றதில்லை. யாரோ ஒரு ஜோசியன் யாரோ ஒருத்தனிடம் சொன்ன சொல் அவள் விரல்வரை வந்து பிடித்துக்கொண்டிருந்தது.

"சீ," என்றாள். காவ்யாவைச் சொல்லவில்லை, கிரண்குமாரைச் சொல்லவில்லை. அன்று முழுக்க எத்தனை பேரைப் பார்த்துக் குமட்டியிருந்தாலும் இந்தக் கையைப் பார்த்து வந்த அருவருப்புக்கு அதெல்லாம் ஈடில்லை.

கங்கம்மாளிடம் ஒரு பன் வாங்கினாள். பிய்த்துத் தாருவின் வாயருகே நீட்டினாள். தாரு வாயைத் திறக்கவில்லை. எச்சில் மணலில் ஒழுகியது, உடம்பு நடுங்கியது, ஆனாலும் திறக்கவில்லை. பன்னைப் பார்த்தது, பிறகு நிமிர்ந்து அவள் தலையைப் பார்த்தது, திரும்பவும் பன்னைப் பார்த்தது. சுற்றுவாள் என்று காத்திருந்தது. அடி விழும் என்று மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

"துன்னுடா ராஜா. யாரும் அடிக்க மாட்டாங்க. துன்னு."

அது அசையவில்லை. தாட்சாயணிக்குக் கண்ணை மறைத்தது. மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். பன் துண்டை எடுத்துத் தாருவின் தலையைச் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. சுற்றிவிட்டு அதைத் தன் வாயில் போட்டு மென்றாள்.

கங்கம்மாள் டீ வடிகட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயையோ, இன்னாம்மா பண்ற! அத நீ துன்னக் கூடாதும்மா! துப்பு, துப்பு!"

"தெரியும்," என்றாள் தாட்சாயணி, வாய் நிறைய. மிச்சப் பன்னை நீட்டினாள். சுற்று முடிந்துவிட்டது என்று தாருவுக்குப் புரிந்தது. ஒரே கவ்வாகக் கவ்வி, அவள் விரலையும் சேர்த்து நக்கித் தின்றது. அவள் அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் மணல் சரசரக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். முள்மரத்தடி நாய்களெல்லாம் எழுந்து வந்திருந்தன. ஒன்றும் பாயவில்லை, ஒன்றும் குரைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, முதுகை நேராக்கி, அவள் கையையே பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"கங்கம்மா," என்றாள், "பன்னு எவ்ளோ இருக்குதோ அவ்ளோத்தையும் குடு."

கங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டே போய்க் கண்ணாடி ஜாடியோடு எடுத்து வந்து, கிட்டே வராமல், எட்டி நின்று நீட்டினாள். தாட்சாயணி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, புதுத் துண்டு ஒன்றைப் பிய்த்து, அடுத்த நாயின் தலையைச் சுற்ற ஆரம்பித்தாள்.